ஆளில்லாத கரை

ஆறு ஏறும்போது நாரை நகரில் எவரும் தெருவை விட்டு வெளியேறுவதில்லை. ஏன் என்று எவரும் சொல்வதுமில்லை. இவ்விரண்டில் பின்னதே கடுமையான விதி. அதை மீற நினைத்தவர்கள்கூடப் பாதி வாக்கியத்தில் நின்று, "அது கெடக்கட்டும், சாம்பாருக்கு முருங்கைக்காய் வந்துருச்சா?" என்று பேச்சைத் திருப்பிவிடுவார்கள்.

சாம்பாரைப் பற்றிய கேள்வி பொய்யானதன்று. ஐப்பசி பிறந்தால் அங்கே விசேஷங்கள் தொடங்கிவிடும். மற்ற ஊர்கள் மழை விட்ட நாளாகப் பார்த்து முகூர்த்தம் குறிக்கும். நாரை நகர் மழை வலுக்கும் நாளாகப் பார்த்துக் குறிக்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம். குடியிருக்கும் வீட்டுக்கே இரண்டாம் முறை புதுமனை புகுவிழா நடத்தியவர்களும் உண்டு. நலச்சங்கத் தலைவர் பரஞ்சோதி தம் மணிவிழாவை மூன்று கார்த்திகைகளில் கொண்டாடியிருக்கிறார். மூன்றாம் முறை மாலை மாற்றும்போது அவர் மனைவி, "அடுத்த வருஷமாவது உங்களுக்கு அறுபது முடிஞ்சிருமா?" என்று கேட்டது தெருவில் இன்றும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. விருந்தினர் வருவார்கள், தங்குவார்கள். தண்ணீர் வடிந்த பிறகே விடைபெறுவார்கள்.

தெருமுனைக் கம்பத்தில் ஒரு விளக்கு இருந்தது. தெருவில் ஆட்கள் நிறைந்திருந்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள். விருந்துக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன் அதை அண்ணாந்து பார்ப்பது வழக்கமாகியிருந்தது.

கோரையாற்றுக்கு ஒரு காலத்தில் இருபுறமும் சிமெண்டுச் சுவர் இருந்தது. பெருமழை வரும்போதெல்லாம் அது எங்காவது உடைந்தது. பிறகு ஆற்றை மீட்பதற்கென்று ஒரு வாரியம் அமைந்து, சுவரை இடித்து, ஆற்றுக்கு அதன் வளைவுகளைத் திருப்பித் தந்தது. ஆறு விரியும் இடத்தில் நாணலும் சம்பும் கோரையும் நட்டு, நடுவே நீர்மருதங்கன்றுகளை வைத்து, கோரைப்படுகை என்று பெயரிட்டது. ஆனாலும் மேலிருந்து வரும் வெள்ளம் அளவு மீறினால் அதை ஓரிடத்தில் இறக்கியாக வேண்டும். இல்லையேல் நகரத்தின் பாதி போய்விடும். அதற்கென மூன்று மடைகள் கட்டப்பட்டன: ஒன்று படுகைக்கு, ஒன்று நாரை நகருக்கு, ஒன்று எதிர்க்கரைக்கு.

தொடக்கத்தில் மடைகளைக் கையால் திறக்கச் சக்கரம் இருந்தது. ஒரு மழையில் நாரை நகர்க்காரர் ஒருவர், தன் கரை பிழைக்கட்டும் என்று, எதிர்க்கரைப் பக்கம் அதைச் சுற்றிவிட்டார். அங்கே ஒரு தெருவே போயிற்று. அதன் பிறகு இரு கரைகளும் ஒன்றோடொன்று பேசியதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டும் தனித்தனியே கேட்டன: மடையில் மனிதக் கை படக்கூடாது. வாரியம் சக்கரத்தை அகற்றிவிட்டு, கணக்கிட்டுத் திறக்கும் பொறியை வைத்தது. தெரு விளக்குக் கம்பங்களிலும் படுகையிலும் பொருத்திய உள்ளங்கையளவு உணரிகள் உடற்சூட்டை உணர்ந்து ஆளைக் கணக்கிடும். ஆள் எங்கே குறைவோ அங்கே தண்ணீர் இறங்கும். அப்பொறியை மக்கள் 'அவரு' என்றார்கள், மாற்றலாகி வந்த அதிகாரியைச் சொல்வதுபோல.

அவர் வந்த முதல் மழையில் நாரை நகர் மக்கள் அஞ்சி மேட்டுக்கு ஓடினார்கள். படுகையைப்போலவே தெருவும் ஆளில்லாமல் இருக்கக் கண்ட அவர் தண்ணீரை இரண்டிலும் இறக்கினார். அடுத்த மழையில் ஒருவரும் அசையவில்லை, எதிர்க்கரையிலும் அப்படியே. தண்ணீர் ஆளில்லாத படுகைக்குப் போயிற்று. விதி பிறந்தது. எவருக்கும் கேடில்லாத விதி என்றே அனைவரும் நம்பினார்கள். படுகை ஆளில்லாததாக இருந்தவரை அந்த நம்பிக்கை உண்மையாகவும் இருந்தது.

*

தாட்சாயணி வாரியத்தின் சூழலியலாளர்; நாரை நகரிலேயே குடியிருப்பவர். படுகையில் கூடுகளை எண்ணுவது அவர் வேலை. தெரு அவருக்கு வைத்த பெயர் 'கொக்கு மேடம்'. அன்று காலை படுகையின் சூட்டுக் கணக்கைக் கைபேசியில் பார்த்தவர், ஒரு முறை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தார். பிறகு வாரியத்தின் பொறியாளர் ரிஸ்வானை அழைத்தார்.

"படுகைக் கணக்கப் பாத்தீங்களா, ரிஸ்வான்?"

"பாத்தேன் மேடம். வாழ்த்துகள்."

"எதுக்கு?"

"இவ்வளவு பறவை இந்த ஆத்துக்கு வந்ததே இல்லன்னு அறிக்கையில இருக்கே. நீங்க எழுதுனதுதான?"

"நான் பறவைன்னு எழுதினேன். அவரு அதை ஆளுன்னு படிக்கிறாரு."

மறுமுனையில் விசைப்பலகையின் ஓசை நின்றது.

"நாரை, வக்கா, நீர்க்காகம், எல்லாம் ஒரே வாரத்துல குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார் தாட்சாயணி. "ஒவ்வொரு கூட்டுலயும் சூடு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டு, படுகையில ஒரு பெரிய ஊரே குடியிருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு."

"நெனக்கிறதெல்லாம் இல்ல மேடம். கூட்டல் கழித்தல் மட்டும்தான். அவருக்குச் சூடு தெரியும், முகம் தெரியாது. கேமரா வச்சிருந்தா ஆளு வேற, நாரை வேறன்னு தெரிஞ்சிருக்கும். வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கக்கூடாதுன்னு அப்ப..."

"தெரியும். கையும் வேணாம், கண்ணும் வேணாம்னு கேட்டது நாங்கதான்."

"ஆமா மேடம்."

"அதுங்க கூடு மருத மர உச்சியில இருக்கு, ரிஸ்வான். படுகைக்கு எவ்வளவு தண்ணி போனாலும் அதுங்க காலுகூட நனையாது. தண்ணி வந்தாத்தான் நத்தை வரும், குஞ்சுக்குத் தீனி வரும். அந்தத் தண்ணியிலருந்து அதுங்களக் காப்பாத்துறதுக்காக எங்க மேல இறக்கப் போறாரு. ஒரு எண்ணை மாத்த முடியாதா உங்களால?"

"மழை மாசத்துல அவரை யாரும் தொடக்கூடாதுன்னு கோர்ட்டுத் தீர்ப்பே இருக்கு. மாத்தணும்னா ரெண்டு கரையும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடணும். அவங்கதான் முகம் குடுத்துப் பேசிக்கிறதே இல்லையே."

"அப்ப எந்தக் கரை?"

"எது கொறச்சலோ அது. காலையில ரெண்டுக்கும் நூலிழைதான் வித்தியாசம். மேல ஏரியெல்லாம் ரொம்பிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள ஏதோ ஒரு மடை தொறந்துரும்."

"உள்ள ஆளு இருக்கறப்பவேயா?"

"குறைஞ்ச சேதத்துக்குத்தான் மேடம் அவரச் செஞ்சோம். சேதமே இல்லாததுக்கு இல்ல." பிறகு ரிஸ்வானின் குரல் வேறுவிதமாக வந்தது. "எங்கக்கா எதிர்க்கரையிலதான் இருக்கு. விடியக்காலமே சொல்லிட்டேன், கெளம்பி வந்துருன்னு. மச்சான் தங்கச்சிக்கு இன்னிக்கு நிக்காஹ். வீடு கொள்ளாத விருந்தாளி. வர மாட்டேங்குது மேடம்."

*

அன்று நாரை நகரில், பவித்ரா என்ற தெருப் பெண்ணின் வளைகாப்புக்காகத் தெருவை அடைத்துத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். பவித்ராவுக்கு இது இரண்டாவது வளைகாப்பு. முதலாவது ஐப்பசியில், காற்றழுத்தத் தாழ்வுநிலை உருவான அன்று நடந்தது. பந்தலின் மூலையில் இன்னாசி ஒலிபெருக்கிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அவர்தான் தெருவின் விசேஷங்களுக்கு நாள் பார்ப்பவர், வெளியூர் உறவுகளை அழைப்பவர், மேடையில் பேசுபவர். இரண்டு குழாய்களைப் பந்தலுக்குள்ளும் இரண்டை ஆற்றைப் பார்த்தும் கட்டியிருந்தார். ஆற்றைப் பார்த்தவை எதற்கு என்று கேட்பதும் வழக்கமில்லை. எதிர்க்கரையின் குழாய்களும் இந்தப் பக்கத்தைத்தான் பார்த்திருந்தன. தாங்கள் எத்தனை பேர் என்பதை இரு கரைகளும் ஒன்றுக்கொன்று அப்படித்தான் அறிவித்துக்கொண்டன.

"தலைவரே, ஒரு நிமிஷம்" என்றார் தாட்சாயணி, தாழ்ந்த குரலில். "எல்லாரும் உடனே மேட்டு ரோட்டுக்குப் போயாகணும்."

பரஞ்சோதி பந்தியைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சாப்புட்டீங்களா மேடம்? சித்ரான்னம் ஏழு வகை. தேங்காச் சாதத்த மட்டும் விட்டுராதீங்க."

"சார்."

பரஞ்சோதி அவரை அடுப்பை மறைத்த தகரத்துக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். இன்னாசியும் கையில் ஒயருடன் பின்னால் வந்தார். தாட்சாயணி சொல்லி முடிக்கும்வரை பரஞ்சோதி குறுக்கிடவில்லை. வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் படித்து ஓய்வு பெற்றவர், கேட்கத் தெரிந்தவர்.

"நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். நாம இப்ப கெளம்பிட்டா தண்ணி எங்க எறங்கும்?"

"இங்க."

"வீடெல்லாம்?"

"போயிரும்."

"நாம இருந்து, அந்தப் பக்கம் கொஞ்சம் கலைஞ்சுட்டா?"

"அங்க போகும்."

"பெறகு என்ன? அவங்க மொதல்ல போகட்டும்."

"அவங்க தலைவரும் இந்நேரம் இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு."

"அப்ப அவரும் வெவரமான ஆளு."

"ரெண்டு பேரும் வெவரமா இருந்தா ரெண்டுல ஒரு கரை ஆளோட முழுகும், சார்." அவர் குரல் உயர்ந்தது, தாமே அடக்கிக்கொண்டார். "ஒரு வழிதான் இருக்கு. ஒரு கரை முழுசாக் காலியாயிட்டா தண்ணி அங்க எறங்கும். இன்னொரு கரையில இருக்கறவங்க வீட்டோட இருந்துக்கலாம். ஒரு உசுருகூடப் போகாது."

"அந்தக் காலிக் கரை ஏன் நம்ம கரையா இருக்கணும்?"

நியாயத்தின் எந்த ஏட்டிலும் இதற்கு விடை இருப்பதாகத் தாட்சாயணிக்குத் தோன்றவில்லை.

"வெடி போட்டா என்ன மேடம்?" என்றார் இன்னாசி. "ஒரு சரம் கொளுத்திப் போட்டா நாரையெல்லாம் கெளம்பிராதா?"

"குஞ்சுக்கு றெக்கையே மொளைக்கல, அண்ணே. அதுங்க சூடு அங்கேயேதான் கெடக்கும். படுகைக்குப் போற தரைப்பாலமும் நேத்தே முழுகிருச்சு."

பாலம் மூழ்கியது குறித்து நேற்று மாலை தமக்குள் ஒரு நிம்மதி எழுந்ததை அவர் நினைத்துக்கொண்டார். இவ்வளவு தெரிந்த பிறகும், வெடிச்சரத்துடன் எவரும் அங்கே போக முடியாது என்பதில் அந்த நிம்மதி சற்று மிச்சமிருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

பரஞ்சோதி அதைக் கண்டுகொண்டார் போலும். "நாங்க எங்க வீட்டுப் புள்ளைக்கு வளைகாப்பு பண்றோம் மேடம். நீங்க உங்க குஞ்சுங்களுக்குப் பண்ணிக்கிட்டிருக்கீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு இன்னாசியின் பக்கம் திரும்பினார். "சம்சாரம் எப்படிய்யா இருக்கு?"

"இருக்கா சார். மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரணும்."

"கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போ. மழை விடட்டும். இன்னிக்கு ஒரு தலை கொறஞ்சாலும்..." பரஞ்சோதி நிறுத்திக்கொண்டார். அடுப்பின் மேலிருந்த அண்டாவை எட்டிப் பார்த்தார். "முருங்கைக்காய் பத்துமாய்யா?"

"பத்தும் சார்" என்றார் இன்னாசி.

*

இன்னாசியின் வீட்டில் அவர் மனைவி பெர்னத் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோனவள். ஒன்றுவிட்டு ஒருநாள் மருத்துவமனையில் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். ஆறு ஏறத் தொடங்கியதிலிருந்து போகவில்லை. கால்கள் வீங்கி மினுமினுத்தன. படுத்தால் மூச்சு முட்டியது.

"ஆத்துக்காவது மூணு மடை இருக்கு. எனக்கு ஒண்ணுகூடத் தொறக்கல பாரு" என்றாள் தாட்சாயணியைக் கண்டதும். சிரிக்க முயன்று இருமினாள்.

"பெர்னத்தக்கா, என் கார் வாசல்லயேதான் நிக்குது. மேட்டு ரோடு ஏறிட்டாக் கால் மணி நேரத்துல ஆஸ்பத்திரி. வாங்க."

"இவரு எப்படித் தெருவுல நிப்பாரு? ஊருக்கெல்லாம் போன் போட்டு, வாங்க வாங்கன்னு கூப்புட்டவரு. அவர் பொண்டாட்டியே கெளம்பிட்டான்னா?"

"யாருக்கும் தெரியாமப் போயிரலாம். பின்பக்கமா."

"தெரியாமப் போறதுக்கு நான் என்ன திருடியா?"

வெளியே ஆற்றைத் தாண்டி ஒலிபெருக்கியில் ஒரு சிறுவனின் பாட்டு வந்தது. சுருதி எங்கெங்கோ போயிற்று. பெர்னத் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இவன் பேரு தமீம். போன வருஷம் இவனுக்குத்தான் சுன்னத்துக் கல்யாணம் வச்சாங்க. அழுது ஊரக் கூட்டுனான். இப்பப் பாட்டுப் பாடுறான் பாரு. இன்னிக்குப் பொண்ணு பேரு மெஹருன்னிசா. மாப்பிள்ளை மணப்பாறைக்காரரு."

"எப்படித் தெரியும்?"

"படுத்தே கெடக்கறவளுக்கு வேற என்ன வேலை? நீங்கள்லாம் அந்தப் பக்கம் காதைப் பொத்திக்கிறீங்க. நான் கேக்குறேன்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "உன் மூஞ்சியே சரியில்ல, தாட்சா. என்னன்னு சொல்லு. நான் யாருகிட்டப் போய்ச் சொல்லப் போறேன்."

தாட்சாயணி சொன்னார். காலையிலிருந்து மூன்றாவது முறை. ரிஸ்வானிடம் கோபமாகவும் பரஞ்சோதியிடம் கெஞ்சலாகவும் சொன்னது இப்போது ஒன்றுமில்லாமல், வெறும் செய்தியாக வந்தது. நாரைகளின் சூடு. நிரம்பிய படுகை. இரண்டில் ஒன்று. ஒரு கரை காலியானால் ஒருவரும் சாக வேண்டாம் என்பது. அதற்கு ஒருவரும் இசையமாட்டார்கள் என்பது.

பெர்னத் தலையணையில் கையூன்றிச் சற்று நிமிர்ந்தாள்.

"கூடு உசரத்துலதான இருக்கு? குஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுக்கா."

"அந்தமட்டும் சரி." மறுபடியும் பாட்டைக் கேட்டாள். "இவன் பாடுறது நமக்குக் கேக்குதே. நம்ம குழாய்ல பேசுறதும் அவங்களுக்குக் கேக்கும்தான?"

"கேக்கும். அதுக்குத்தான அண்ணன் அந்தப் பக்கமாக் கட்டி வச்சிருக்காரு."

"ம்." பெர்னத் கையை நீட்டினாள். "அலமாரியில பச்சைப் புடவை இருக்கும், எடு. வளைகாப்புக்குப் போகணும்."

*

தாட்சாயணியின் தோளைப் பற்றிக்கொண்டு பெர்னத் பந்தலுக்குள் வந்தபோது ஒரு மகிழ்ச்சி அலை எழுந்தது. படுக்கையிலிருந்தே எழுந்து வந்துவிட்டாள்! "வாங்க, வாங்க" என்று பெண்கள் முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பரஞ்சோதி தாட்சாயணியை நோக்கி, கடைசியில் நீங்களும் நம் பக்கம்தானே என்பதுபோலத் தலையசைத்தார். மழை தார்ப்பாயின் மேல் ஓயாமல் கொட்டியது. தெருவின் கோடியில் சாக்கடை எதிர்த்து வரத் தொடங்கியிருந்தது. அதன் மேல் யாரோ பலகை போட்டு, பலகையின் மேல் கோலப்பொடி தூவியிருந்தார்கள்.

பெர்னத் பவித்ராவின் கன்னத்தில் சந்தனம் பூசினாள். கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். வளையல் ஏற்ற அவ்வளவு நேரம் ஆனதை யாரும் குறை சொல்லவில்லை; அவள் விரல்களும் வீங்கியிருந்தன.

"இது எத்தனாவது வளைகாப்புடி?"

"ரெண்டாவது அத்தை" என்றாள் பவித்ரா வெட்கத்துடன். "அடுத்த தாழ்வுநிலைக்குள்ள பொறந்துரணும்னு வேண்டிக்கிறேன். இல்லன்னா மூணாவதும் வச்சுருவாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தாழ்வுநிலை என்ற சொல் வந்துவிட்டதே என்று சிலர் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"என்னங்க" என்று பெர்னத் கணவனை அழைத்தாள். "அந்த மைக்கக் குடுங்க. புள்ளைய வாழ்த்தணும்."

இன்னாசி ஒயரில்லாத ஒலிவாங்கியைத் துடைத்துக் கொடுத்தார். அவள் மாதா கோயில் பாடற்குழுவில் பாடியவள். பாடப்போகிறாள் என்று நினைத்தார். அவர் முகத்தில் நாள் முழுவதும் இல்லாத ஒரு மலர்ச்சி தெரிந்தது.

பெர்னத் எழுந்து நின்றாள். பந்தலைப் பார்க்காமல் ஆறு இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள்.

"எதிர்க்கரைக்காரங்களே" என்றாள்.

பந்தல் அப்படியே நின்றது. பரிமாறிக்கொண்டிருந்தவனின் கரண்டியிலிருந்து சாம்பார் இலைக்கு வெளியே சொட்டியது. அந்தச் சொல்லை அந்தத் தெருவில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. அழைப்பாகச் சொன்னதேயில்லை.

"கேக்குதா? நான் நாரை நகர் பெர்னத்து பேசுறேன். சவுண்ட் சர்வீஸ் இன்னாசி சம்சாரம்." மூச்சு வாங்கினாள், குழாய்கள் அதையும் பெரிதாக்கி ஆற்றின் மேல் அனுப்பின. "மெஹருன்னிசா, நல்லாயிரும்மா. தமீமு, நல்லாப் பாடுற. கேளுங்க. இந்தத் தடவ தண்ணி படுகைக்குப் போகாது. அங்க நாரை குஞ்சு பொரிச்சிருக்கு. அவரு அதுங்களயும் ஆளுன்னு எண்ணிட்டாரு. உங்க பக்கமோ எங்க பக்கமோதான் எறங்கும். ஆளு கொறஞ்சா எறங்கிரும்னுதான் நாம இத்தன வருஷமா மழையில விசேஷம் வச்சோம்... நீங்களும் அதுக்குத்தான் வச்சீங்க. எல்லாருக்கும் தெரியும்."

"இன்னாசி, ஆஃப் பண்ணுய்யா!" என்றார் பரஞ்சோதி.

இன்னாசியின் விரல் பெருக்கியின் விசை மேல் இருந்தது. அவர் மனைவியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப் புடவையின் கரைக்குக் கீழே அவை அவளுடையவைபோல் இல்லை.

"நீங்க யாரும் ஓட வேணாம்" என்றாள் பெர்னத். "கல்யாணத்த நடத்துங்க. அப்படியே இருங்க. எங்க தெரு காலியாகுது. நாங்க போறோம்."

ஆற்றின் மறுபுறத்தில் பாட்டு நின்றுபோயிற்று. எத்தனையோ மழைக்காலங்களில் முதன்முறையாக அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"என்ன காரியம் பண்ணிட்ட!" பரஞ்சோதியின் குரல் உடைந்தது. "இருங்கன்னு நாமளே சொல்லிட்டோமே. இனிமே அவங்கள்ல ஒருத்தனாவது நகருவானா? பயந்து கலைவாங்கன்னு இருந்த ஒரே வாய்ப்பும்..." முருங்கைக்காயைப் பற்றிக் கேட்கவும் இப்போது வழியில்லை.

யாரும் எழவில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களின் முகத்தைப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தங்கள் வீடுகளைப் பார்த்தார்கள், புதிதாக வண்ணம் அடித்த சுவர்களை, மாடியில் ஏற்றி வைத்த மெத்தைகளை. தாட்சாயணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாள் முழுவதும் தாழ்ந்த குரலில் மூன்று முறை சொன்ன ஒன்று உரத்துச் சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்பட்ட பிறகும் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். இது அவர் எதிர்பாராதது.

பெர்னத் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. பந்தலிலிருந்து மழைக்குள் இறங்கினாள். ஒலிவாங்கியைத் திருப்பித் தரவேண்டும் என்பது நினைவில்லைபோலும். அதை ஊன்றுகோலைப்போல் இறுகப் பிடித்தபடியே தெருவின் நடுவில், அத்தனை வாசல்களும் பார்க்க, மேட்டுச் சாலையை நோக்கி நடந்தாள். செருப்பு தண்ணீரில் தப்தப்பென்று விழும் ஓசை குழாய்களில் எழுந்தது. அதைத் தொடர்ந்து அவள் மூச்சு. இரு கரைகளிலும் அது கேட்டது.

இன்னாசியின் விரல் விசையை அழுத்தவுமில்லை, விலகவுமில்லை.

தெருமுனைக் கம்பத்தடியில் பெர்னத் நின்றாள். அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"ஒரு தலை கொறஞ்சிருச்சு" என்றாள் ஒலிவாங்கியில், எல்லோருக்கும் கேட்க. "எண்ணிக்கங்க."

கம்பத்தைத் தாண்டி ஏறினாள்.